நகமும் சதையும், நடுவில் ஒரு மூட்டும்

உடம்பில் வலிக்காமல் வெட்டி எறியக்கூடிய சமாசாரங்கள் இரண்டே இரண்டு. ஒன்று முடி, இன்னொன்று நகம். இதில் முடிக்கு இருக்கும் மரியாதையில் நூற்றில் ஒரு பங்குகூட நகத்துக்குக் கிடையாது. முடிக்கு எண்ணெய் உண்டு, ஷாம்பு உண்டு, சாயம் உண்டு, சலூனில் சுழல் நாற்காலி உண்டு. நாலு முடி கொட்டினால் துக்கம் விசாரிக்க ஊரே திரண்டு வருகிறது. நகத்துக்கு? ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசல்படியில் உட்கார்ந்து, பழைய பேப்பரை விரித்து, சாவிக்கொத்தில் தொங்கும் நகவெட்டியால் 'டிக்... டிக்...' என்று ஐந்து நிமிஷ மரியாதை. அவ்வளவுதான். அதற்கும் ஆயிரம் சட்டதிட்டம். வெள்ளிக்கிழமை வெட்டக் கூடாது, விளக்கு வைத்த பிறகு வெட்டக் கூடாது, வெட்டியதை வீட்டுக்குள் போடக் கூடாது!

நகத்தை மதிக்கிற ஒரே ஆசாமி அரசாங்கம்தான். தேர்தலுக்குத் தேர்தல் நம் இடது கை ஆள்காட்டி விரலைப் பிடித்து, உற்றுப் பார்த்து, அதன் மேல் மை வைத்து அனுப்புகிறது. 1962 பொதுத் தேர்தலில் இருந்து மைசூரில் தயாராகும் மைதான்.

2024 ஏப்ரல் 19-ம் தேதி நாடாளுமன்றத் தேர்தல். என் விரலைப் பிடித்த அலுவலர் மை வைக்காமல் அப்படியே நின்றுவிட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ''ஏற்கெனவே போட்டாச்சா சார்?'' என்றார்.

''இல்லீங்களே...''

''அப்ப இது என்ன, பிரவுன் கலர்ல?''

பின்னால் நின்ற க்யூ முழுக்க என்னைக் கள்ள ஓட்டுக்காரனைப் பார்ப்பது போல் பார்த்தது. நான் மற்ற ஒன்பது விரல்களையும் விரித்துக் காட்டினேன். ஒன்பதிலும் ஏதோ ஒன்று இருந்தது. ஒருத்தன் பத்து ஓட்டுப் போட்டிருக்க முடியாது என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். மை வைத்து, ''நல்ல டாக்டரா பாருங்க சார்'' என்று ஆலோசனையும் வைத்து அனுப்பினார்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்!

இந்தக் கதை 2022-ல் ஆரம்பித்தது. முதலில் இடது கட்டைவிரல் நகத்தில் நாலைந்து புள்ளிக் குழிகள். தையற்காரர் விரலில் போட்டுக்கொள்ளும் அங்குஸ்தானைப் பார்த்திருக்கிறீர்களா? அந்த மாதிரி. யாரோ நான் தூங்கும்போது குண்டூசியால் குத்திவிட்டுப் போன மாதிரி. வலி இல்லை, அரிப்பு இல்லை. அப்புறம் பக்கத்து விரலில் நகத்துக்கு அடியில் எண்ணெய்ச் சொட்டு விழுந்தது போல் மஞ்சளும் பழுப்புமாக ஒரு திட்டு. பஜ்ஜி சாப்பிட்ட பேப்பரில் தெரியுமே, அந்தக் கறை. பிறகு நகத்தின் நுனி சதையை விட்டு மெதுவாக மேலே கிளம்பியது. 'நகமும் சதையும் போல' என்று கல்யாணப் பத்திரிகையில் இருந்து கட்சிக் கூட்டணி வரை வாழ்த்துகிறோமே, அந்த நகமும் சதையும் என் கையில் விவாகரத்துக்கு மனுப் போட்டிருந்தன!

கிளம்பின நகம் செய்கிற அட்டகாசம் கொஞ்சமல்ல. பனியனைக் கழற்றினால் நூலில் மாட்டும். போர்வையை இழுத்தால் மாட்டும். மின்சார ரயிலில் அவசரமாக ஏறும்போது முன்னால் இருப்பவர் பையின் ஜிப்பில் மாட்டும். பிறகு அரை மணி நேரத்துக்குக் கண்ணில் பூச்சி பறக்கும்.

தமிழ்நாட்டில் ஒருவனுக்கு வியாதி வந்தால் வைத்தியருக்கா பஞ்சம்? பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். பக்கத்து வீட்டம்மா, ''நகச்சுத்துதான் தம்பி, எலுமிச்சம்பழத்துல ஓட்டை போட்டு விரலைச் செருகிக்குங்க'' என்றார். பத்து விரலுக்கும் சேர்த்து மார்க்கெட் விலையை விசாரித்துவிட்டு விட்டுவிட்டேன். ''சொத்தை நகம். மருதாணி வெச்சா சரியாப் போயிடும்'' என்றார் என் அம்மா. மருந்துக் கடைக்காரர் ஒரு சிறிய ட்யூபை எடுத்து வைத்து, ''ஃபங்கஸ் சார், எல்லாருக்கும் இதான் தரேன்'' என்றார். எல்லாருக்கும் தருகிற மருந்து என்றதுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எங்கள் ஏரியாவில் ஒரு டாக்டரும் பார்த்தமாத்திரத்தில் ஃபங்கஸ் என்றே சொல்லி ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார். ஃபங்கஸ் இருந்திருந்தால் ஓடியிருக்கும். இல்லாதது எங்கே ஓடும்?

கடைசியில் ஒரு தோல் டாக்டர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் அம்மணி. நகத்தைக் காட்டப் போனவனிடம், ''தலையைக் குனிங்க'' என்றார். காதுக்குப் பின்னால் பார்த்தார். முழங்கையைத் திருப்பிப் பார்த்தார். ''தொப்புளைக் காட்டுங்க'' என்றார். நான் தயங்க, ''சும்மா இல்லீங்க, இது ஒளிஞ்சு விளையாடற வியாதி'' என்றார். காதுக்குப் பின்னால், தலைமுடி ஆரம்பிக்கும் இடத்தில், இத்தனை நாளும் நான் பொடுகு என்று கௌரவித்து வந்த வெள்ளைச் செதில் அகப்பட்டது. நகத்தில் ஒரு துண்டு வெட்டி, ஃபங்கஸ் இருக்கிறதா என்று லேபுக்கும் அனுப்பினார். ''ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம். கண்ணால மட்டும் பார்த்துச் சொல்லக் கூடாது'' என்றார். ஃபங்கஸ் இல்லை என்று ரிசல்ட் வந்தது.

''நகத்தில் வரும் சொரியாசிஸ்'' என்றார்.

பெயரைக் கேட்டதும் எனக்குக் கை சில்லிட்டது. காரணம், சொரியாசிஸ் என்றால் ஒட்டிக்கொள்ளும் என்று நம் ஊரில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒட்டாது ஸார்! கை குலுக்கினால் ஒட்டாது, டிபன் பாக்ஸ் பகிர்ந்தால் ஒட்டாது, ஒரே டவலில் துடைத்தாலும் ஒட்டாது. இது கிருமியே இல்லை. நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே ஆளைத் தெரியாமல் நம்மையே அடிக்கிற சமாசாரம். போலீஸ்காரர் திருடனை விட்டுவிட்டுப் புகார் கொடுக்க வந்தவரை லாக்கப்பில் போடுவது மாதிரி. பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவிலேயே இதைக் குஷ்டரோகத்தோடு போட்டுக் குழப்பி வைத்திருந்தார்கள். வியன்னாவில் இருந்த ஹெப்ரா என்ற டாக்டர்தான் இது வேறு, அது வேறு என்று பிரித்து வைத்தார். அவர் பிரித்து நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆகியும், என் நகத்தைப் பார்த்துவிட்டு டீ கிளாஸை ஒரு சாண் தள்ளி வைக்கிற நண்பர் ஒருவர் இன்னும் எனக்கு இருக்கிறார்.

நகத்துக்கு ஒரு தொழிற்சாலை உண்டு. அடிநகத்தில், தோல் மடிப்புக்குள் ஒளிந்து இருக்கிறது. அங்கே கோளாறு என்றால் சரக்கு குழியும் பள்ளமுமாக வெளியே வரும். நகத்துக்குக் கீழே இருக்கும் படுக்கையில் கோளாறு என்றால் எண்ணெய்க் கறை, நகம் கிளம்புதல், அடியில் மாவு மாதிரி சேருதல், சின்னச் சின்ன ரத்தக் கீற்றுகள். எனக்குத் தொழிற்சாலை, கிடங்கு இரண்டிலும் ஸ்டிரைக்!

இதற்கு மார்க் போடும் முறைகூட இருக்கிறது. 2003-ல் வந்தது. ஒவ்வொரு நகத்தையும் நாலு கட்டமாகப் பிரித்து, நகத்துக்கு அதிகபட்சம் எட்டு மார்க். பத்து விரலுக்கு எண்பது. டாக்டரம்மா கூட்டிப் பார்த்து, ''இருபத்திரண்டு'' என்றார். நான் பி.காம். படித்த மூன்று வருஷத்திலும், மார்க் குறைவாக வாங்கியதற்காக யாரும் என்னைத் தட்டிக் கொடுத்தது கிடையாது. அன்றைக்கு அது நடந்தது.

''எப்ப டாக்டர் சரியாகும்?''

''கை நகம் மாசத்துக்கு மூணு மில்லிமீட்டர்தான் வளரும். இன்னிக்கு மருந்து போட்டா புது நகம் முழுசா வெளியே வர ஆறு மாசம் ஆகும். கால் நகத்துக்கு ஒரு வருஷம், ஒன்றரை வருஷம். அவசரப்பட்டுப் பத்து நாள்ல டாக்டரை மாத்தாதீங்க.''

இதற்கு என்னிடம் சாட்சி இருந்தது. அந்தத் தேர்தல் மை! ஏப்ரலில் நகத்தின் அடியில் வைத்த கறுப்புக் கோடு, மே மாதம் கொஞ்சம், ஜூன் மாதம் கொஞ்சம் என்று தாசில்தார் ஆபீஸ் ஃபைல் போல நகர்ந்து, செப்டம்பரில்தான் நகவெட்டிக்கு எட்டியது. அதற்குள் புது அரசாங்கம் அமைந்து பட்ஜெட்டே போட்டு முடித்துவிட்டார்கள்.

அந்தப் பொறுமைக்கு நடுவே கற்றுக்கொண்ட சில பாடங்கள், உங்களில் யாருக்காவது உதவும்.

நகத்தை ஒட்ட வெட்டி வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமையானாலும் சரி. என் அம்மாவிடம், ''லட்சுமி போயிட்டா திரும்பி வருவா, நகம் பிய்ஞ்சா ஆறு மாசம்மா'' என்று சொல்லி விசேஷ அனுமதி வாங்கியிருக்கிறேன். நகத்துக்கு அடியில் இருக்கும் மாவை ஊக்கு, பல் குத்தும் குச்சி போன்ற ஆயுதங்களால் நோண்டக் கூடாது. நோண்டினால் இன்னும் கிளம்பும். இந்த வியாதிக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. எங்கே அடிபடுகிறதோ அங்கே வந்து உட்காரும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கோப்னர் என்ற ஜெர்மானிய டாக்டர் கண்டு சொன்ன விஷயம். ஆகவே நகத்தை ஸ்குரூ டிரைவராகவும், டப்பா மூடி திறக்கும் கருவியாகவும், ஸ்டிக்கர் கிழிக்கும் பிளேடாகவும் உபயோகிக்கும் பழக்கத்துக்கு முழுக்கு. கடிப்பதற்கும்தான். ஷூ நுனி விரலை இடிக்கக் கூடாது. பாத்திரம் தேய்க்கும்போது கைக்கு ரப்பர் உறை, அதற்குள் ஒரு பருத்தி உறை. (''உறை இருக்கு இல்ல, அப்ப தினமும் நீங்களே தேய்க்கலாமே'' என்று என் மனைவி இதில் ஒரு வாய்ப்பைக் கண்டுபிடித்தது தனிக் கதை.) கை கழுவியதும் ஈரம் காப்பதற்கு வாசலின் மாதிரி ஏதாவது.

மருந்து? எனக்கு முதலில் களிம்புதான். ஸ்டீராய்டும், வைட்டமின் டி வகையில் ஒன்றும். நகம் கிளம்பியிருந்தால் கிளம்பின பாகத்தை வெட்டிவிட்டு அடியிலேயே தடவ வேண்டும். மேலே தடவினால் தகரக் கூரை மேல் பெய்த மழைதான். சிலருக்கு நகத்தின் அடியில் ஊசி போடுவார்கள். எனக்கு இரண்டு விரலுக்குப் போட்டார்கள். அந்த வலியை எழுதி உங்கள் காபி நேரத்தைக் கெடுப்பானேன்! ஒன்று மட்டும்: டாக்டர் எழுதாத ஸ்டீராய்டுக் களிம்பை மருந்துக் கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் தடவாதீர்கள். தோல் காகிதமாகும்.

ஆனால், இதெல்லாம் பாதிக் கதைதான். மீதிப் பாதியை டாக்டரம்மா ஒரு கேள்வியில் ஆரம்பித்தார்.

''உங்க வீட்டுல யாருக்காவது மூட்டு வலி உண்டா?''

நான் சிரித்தேன். ''எங்க வீட்டுல யாருக்குத்தான் டாக்டர் இல்ல?''

அவர் சிரிக்கவில்லை. ஒரு பேப்பரை எடுத்து விரல் ஒன்றைக் குறுக்கே வெட்டினாற்போல் வரைந்தார். நகத்துக்கு அடுத்தாற்போல் ஒரு மூட்டு. விரலை நிமிர்த்தும் தசைநார், அந்த மூட்டைத் தாண்டி வந்து எலும்பில் வேர் பிடிக்கும் இடம். அந்த வேரின் இழைகள் அப்படியே தொடர்ந்து போய், நகத் தொழிற்சாலையைச் சுற்றிப் பின்னிக்கொண்டிருக்கின்றன. நகம் என்பது தோலின் வால் மட்டுமல்ல, எலும்பும் தசைநாரும் சேர்ந்த கூட்டுக் குடும்பத்தின் கடைசிப் பிள்ளை. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்து மெக்கோனகல் என்ற நிபுணரும் அவர் சகாக்களும் ஸ்கேன் எடுத்துக் காட்டிய சங்கதி இது. மாடிவீட்டில் தண்ணீர் ஒழுகினால் கீழ்வீட்டுச் சுவர் ஊறுவது போல, தசைநார் வேரில் வீக்கம் வந்தால் நகத்தில் தெரிகிறது.

சொரியாசிஸ் இருப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நகத்திலும் அது தெரியும். மூன்றில் ஒருவர் வரை மூட்டுக்கும் வரலாம். மூட்டுக்கு வந்தவர்களைக் கூப்பிட்டுக் கையைக் காட்டச் சொன்னால், நூற்றுக்கு எண்பது பேர் வரை நகத்தில் கோளாறு! 2009-ல் அமெரிக்காவில் மேயோ கிளினிக் டாக்டர்கள் 1,593 சொரியாசிஸ்காரர்களின் பழைய ரெக்கார்டுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். நகம் கெட்டவர்களுக்கு மூட்டுவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. தலையில் செதில் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய நாலு மடங்கு. எனக்கு இரண்டும் இருந்தன.

''பயப்படறதுக்குச் சொல்லலை. நகம் சொரியாசிஸ் வந்தவங்க எல்லாருக்கும் மூட்டு போயிடாது. ஆனா வந்தா எப்படி வரும்னு தெரிஞ்சு வெச்சுக்கணும். அதுக்குத்தான்'' என்றார்.

அன்று மாலை வீட்டுக்குப் போகாமல் சித்தப்பா வீட்டுக்குப் போனேன்.

சித்தப்பா ஒரு கூட்டுறவு சொசைட்டியில் கணக்கெழுதியவர். அச்சடித்தாற்போன்ற எழுத்து. அந்த லெட்ஜரைப் பார்த்துத்தான் நான் காமர்ஸ் படிக்க ஆசைப்பட்டேன். நாற்பது வயதில் அவர் வலது கை விரல்கள் வீங்க ஆரம்பித்தன. 'வாதம்' என்றார்கள். 'குளிர்ந்த தண்ணியில கையை வைக்காதே' என்றார்கள். வலி மாத்திரையிலும் தைலத்திலும் பத்து வருஷம் ஓடியது. இரண்டு விரல்கள் கடைசி மூட்டில் கோணிக்கொண்டு நின்றே போய்விட்டன. கையெழுத்து மாறிவிட்டதென்று பேங்கில் அவருடைய செக் திரும்பி வந்த நாளில், சித்தப்பா விருப்ப ஓய்வுக் கடிதம் கொடுத்தார். அதைச் சித்திதான் எழுதினார். அவர் கையெழுத்து மட்டும் போட்டார்.

''கையைக் காட்டுங்க சித்தப்பா'' என்றேன்.

''ஏண்டா, ஜோசியம் பார்க்கக் கத்துக்கிட்டியா?'' என்று சிரித்துக்கொண்டே நீட்டினார். சின்ன வயதில் இருந்து நான் பிடித்துக்கொண்டு நடந்த கைதான். கோணல் விரலை எல்லாரும் பார்த்திருக்கிறோம். நகத்தை யாரும் பார்த்ததில்லை. பத்து நகத்திலும் குண்டூசிப் புள்ளிகள். இரண்டு கால் கட்டைவிரலிலும் தடித்து உதிர்ந்த நகம். சட்டைக் கையை மேலே தள்ளினால் முழங்கையில் ரூபாய் அகலத்துக்கு வெள்ளைச் செதில்.

''இதுவா? இது மேஜையில முட்டியை ஊனி எழுதினதால வந்த காய்ப்புடா'' என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சித்தி கொண்டு வந்த காபி டம்ளரை அவர் இரண்டு உள்ளங்கைகளாலும் ஏந்தி வாங்கிக்கொண்டார். அவர் அப்படித்தான் வாங்குவார்; பக்தியோடு குடிக்கிறார் என்று நாங்கள் பிள்ளைகள் கேலி செய்வோம்.

அன்றிலிருந்து நான் டாக்டரம்மா சொன்ன பட்டியலைப் பல் தேய்ப்பது போல் தினமும் ஒருமுறை மனசுக்குள் ஓட்ட ஆரம்பித்தேன். பட்டியல் இதுதான்:

காலையில் எழுந்ததும் மூட்டு துருப்பிடித்தாற்போல் இறுகிக் கிடக்கிறதா? அரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்கிறதா? நடந்து, வேலை செய்யச் செய்யக் குறைகிறதா? மூட்டை அளவுக்கு மேல் உபயோகித்ததால் வருகிற வலி, ஓய்வெடுத்தால் குறையும். இது தலைகீழ். ஓய்வெடுத்தால் கூடும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்துக்குப் பரம எதிரி!

குதிகால் வலிக்கிறதா? காலையில் முதல் அடி வைக்கும்போது அடியிலோ, பின்புற நரம்பு குதிகாலில் சேரும் இடத்திலோ சுருக்கென்கிறதா?

ஒரு விரல், மூட்டு மட்டும் இல்லாமல், அடியிலிருந்து நுனி வரை மொத்தமாக வீங்குகிறதா? அதாவது வெண்டைக்காய் திடீரென்று மொந்தன் வாழைக்காய் ஆவது. கால் விரலில் வந்தால் யூரிக் ஆசிட் என்று சொல்லிவிடுவார்கள்; சொரியாசிஸ் உண்டு என்பதை நாம்தான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

நடுராத்திரிக்கு மேல் எழுப்பிவிடுகிற இடுப்பு வலி உண்டா? எழுந்து நடந்தால் தேவலை போல இருக்கிறதா? கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசுகிறதா? கண் என்றால் அன்றைக்கே ஓட வேண்டும்.

2024 நவம்பரில் ஒருநாள் காலை. பேஸ்ட் மூடியைத் திருகுகிறேன், திருக வரவில்லை. சட்டையின் நாலாவது பட்டனுக்கு மட்டும் ஐந்து நிமிஷம். வலது கை நடுவிரல் அடியிலிருந்து நுனி வரை பளபளவென்று மொந்தன் வாழைக்காய். அடிபடவில்லை, பூச்சி கடிக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் மூன்று வாரமாகக் காலையில் படுக்கையில் இருந்து பாத்ரூம் வரை குதிகாலைத் தூக்கித் தூக்கி நடந்துகொண்டிருந்தேன். சுவரில் கடிகாரத்தைப் பார்த்து எழுதி வைத்தேன். ஆறேகாலுக்கு எழுந்தவன், கையை முழுசாக மூடித் திறக்க ஏழு பத்து.

நான் விரலால் சம்பாதிக்கிறவன். வாரத்துக்கு இரண்டு கட்டுரை, மாதம் ஒன்றிரண்டு கதை, நடுவில் விளம்பரத்துக்கு வாசகம். டைப் அடித்தால் அரிசி, இல்லாவிட்டால் பட்டினி. அன்றைக்குக் காலையில் என் கண்ணில் தெரிந்தது என் விரல் இல்லை. இரண்டு கையாலும் காபி டம்ளர் ஏந்துகிற சித்தப்பா.

அதே வாரம் ருமட்டாலஜிஸ்ட் முன்னால் உட்கார்ந்தேன். எலும்பு டாக்டர் வேறு, இவர் வேறு. எலும்பு டாக்டர் கார்ப்பென்டர் என்றால், இவர் தீயணைப்பு. ரத்தப் பரிசோதனை எழுதினார். ரிசல்ட் வந்ததும் என் நண்பன் ஒருவன் வாங்கிப் பார்த்துவிட்டு, ''ருமட்டாய்டு ஃபேக்டர் நெகடிவ், ஈ.எஸ்.ஆர். நார்மல். ஒண்ணுமில்லடா மாப்ளே, பார்ட்டி குடு'' என்றான். டாக்டர் கொடுக்க விடவில்லை.

''இந்த வாதத்துல ருமட்டாய்டு ஃபேக்டர் பொதுவா நெகடிவாத்தான் இருக்கும். ஈ.எஸ்.ஆர். நார்மலா இருந்தாலும் உள்ளே நெருப்பு இருக்கலாம். பேப்பரைப் பார்த்து ஏமாறக் கூடாது, ஆளைப் பார்க்கணும்'' என்றார்.

பிறகு மறுபடி மார்க். 2006-ல் நிபுணர்கள் கூடி வகுத்த ஒரு கணக்கு இருக்கிறது. ஆராய்ச்சிக்காகச் செய்தது என்றாலும், டாக்டர்களின் யோசனைக்கும் கை கொடுக்கிறது. மூட்டிலோ, முதுகெலும்பிலோ, தசைநார் வேரிலோ அழற்சி இருக்க வேண்டும். அது நுழைவுச் சீட்டு. அதற்கு மேல் மூன்று மார்க் வாங்கினால் பாஸ். இப்போது சொரியாசிஸ் இருந்தால் இரண்டு. நகக் கோளாறுக்கு ஒன்று. விரல் மொத்தமாக வீங்கியதற்கு ஒன்று. ருமட்டாய்டு ஃபேக்டர் நெகடிவ் என்பதற்கு ஒன்று. நான் ஐந்து வாங்கி டிஸ்டிங்ஷனில் பாஸ்! ''எங்க சித்தப்பாவுக்கும் உண்டு டாக்டர், அதுக்கு மார்க் இல்லையா?'' என்றேன். குடும்பத்தில் இருந்தால் ஒரு மார்க் உண்டுதான். ஆனால், எனக்கே சொரியாசிஸ் இருப்பதால் அந்த இரண்டுக்குள் அது அடங்கிவிட்டது, தனியாகச் சேராது. ஒரே ரசீதை இரண்டு முறை எழுதக் கூடாது என்று மருத்துவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

எக்ஸ்-ரேயில் எலும்பு அரிப்பு இல்லை. ''சீக்கிரம் வந்திருக்கீங்க'' என்றார். இந்த 'சீக்கிரம்' என்பது எவ்வளவு? 2015-ல் டப்ளின் நகரத்து டாக்டர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முதல் அறிகுறிக்கும் ருமட்டாலஜிஸ்ட்டைப் பார்ப்பதற்கும் நடுவே ஆறு மாதத்துக்கு மேல் விட்டவர்களுக்கு மூட்டு எலும்பு அரிப்பு அதிகமாக இருந்தது. ஆறு மாதம்! ஒரு நகம் வளர்ந்து முடிகிற நேரம். நகம் போனால் திரும்ப முளைக்கும். அரித்துப்போன மூட்டு முளைக்காது.

எனக்கு எழுதியது மெத்தோட்ரெக்ஸேட். விலை அதிகமில்லை. ஆனால், அடிக்கோடிட்டுப் படியுங்கள்: வாரத்துக்கு ஒரே ஒருநாள். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. என் வீட்டில் காலண்டரில் புதன்கிழமைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறது. டாக்டர் சொன்ன இன்னொரு நாளில் ஃபோலிக் ஆசிட் மாத்திரை. குறிப்பிட்ட இடைவெளியில் கல்லீரலுக்கும் ரத்த அணுக்களுக்கும் பரிசோதனை. சனிக்கிழமைச் சங்கத்து அன்பர்கள் பாட்டிலை மூடி வைத்துவிட வேண்டியது. கல்யாணம், குழந்தை என்று திட்டம் இருந்தால் ஆணோ பெண்ணோ முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். இதற்கு மசியாதவர்களுக்கு எதிர்ப்பு சக்தியில் தப்புச் செய்யும் ஒரே ஒரு ஆசாமியை மட்டும் குறிபார்த்து அடிக்கும் ஊசிகள் வந்திருக்கின்றன. நகத்துக்கும் மூட்டுக்கும் சேர்த்தே வேலை செய்கின்றன. ஆனால், பர்ஸையும் சேர்த்தே குறிபார்க்கின்றன. தனியாரிடம் போக வசதியில்லையே என்று யாரும் வலி மாத்திரையோடு உட்கார வேண்டாம். சென்ட்ரல் ஸ்டேஷன் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கென்றே ருமட்டாலஜி துறை இருக்கிறது.

இன்னொன்று, இந்த ஊசி, மாத்திரையோடு வாழ்க்கை முடிந்துவிடும் என்று நினைப்பவர்களுக்காக. ஃபில் மிக்கெல்சன் என்று ஒரு கோல்ஃப் ஆட்டக்காரர். 2010-ல் திடீரென்று ஒருநாள் காலை நடக்க முடியாமல் போனது. சொரியாசிஸ் மூட்டுவாதம் என்றார்கள். சிகிச்சை எடுத்துக்கொண்டார். 2013-ல் பிரிட்டிஷ் ஓப்பன் பட்டம் வாங்கினார். 2021-ல் ஐம்பது வயதில் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் ஜெயித்தார். கோல்ஃப் மட்டையைப் பிடிக்க விரல் எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை. நான் கோல்ஃப் ஆடப் போவதில்லை. பட்டன் போட வந்தால் போதும். நாலு மாதத்தில் வந்துவிட்டது. குதிகாலும் இறங்கிவிட்டது. நகம் இப்போது எண்பதுக்கு ஒன்பது.

சித்தப்பாவையும் அதே டாக்டரிடம் அழைத்துப் போனேன். ''கோணினது கோணினதுதான். ஆனா, மத்த எட்டு விரலைக் காப்பாத்தலாம்'' என்றார் டாக்டர். வெளியே வந்ததும் சித்தப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், ''அப்ப அது வாதம் இல்லையாடா?'' என்றார்.

''வாதம்தான் சித்தப்பா. பேர் கொஞ்சம் பெரிசு.''

''முப்பது வருஷமா நான்தான் லெட்ஜரை அழுத்தி அழுத்தி எழுதிக் கெடுத்துக்கிட்டேன்னு நெனைச்சிட்டிருந்தேன்'' என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஏதோ பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

ஆபீஸ் நண்பர்களே, உங்களுக்கு ஒரு வேலை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவியதும் ஜன்னல் வெளிச்சத்தில் நகத்தைப் பாருங்கள். குண்டூசிக் குழியோ, எண்ணெய்க் கறையோ, கிளம்பின நுனியோ இருந்தால் மருந்துக் கடையைத் தாண்டித் தோல் டாக்டரிடம் போங்கள். ஏற்கெனவே சொரியாசிஸ் என்று தெரிந்தவர்கள் தங்களையே ஐந்து கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் தோல் டாக்டர்களும் குடும்ப டாக்டர்களும் உபயோகிக்கிற கேள்விகளின் சாரம்: எப்போதாவது மூட்டு வீங்கியிருக்கிறதா? மூட்டுவாதம் என்று எந்த டாக்டராவது சொன்னதுண்டா? நகத்தில் குழி உண்டா? குதிகால் வலித்ததா? காரணமில்லாமல் ஒரு விரல் மொத்தமாக வீங்கி வலித்ததா? மூன்றுக்கு 'ஆமாம்' என்றால் லீவு லெட்டர் எழுதிவிட்டு ருமட்டாலஜிஸ்ட்டிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். போகும்போது, விரல் வீங்கியிருக்கும் அன்றைக்கே போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு போங்கள். டாக்டரைப் பார்க்கிற நாளில் வீக்கம் லீவில் போய்விடும். அது எல்லா வியாதிக்கும் உள்ள குணம்.

கையைப் பாக்கெட்டுக்குள் மட்டும் ஒளிக்காதீர்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் பஜ்ஜித் தட்டைக் கை நீட்டி வாங்காமல் 'வயிறு சரியில்லை' என்று சொன்ன ஒரு இளைஞனை எனக்குத் தெரியும். நகம் தெரிந்துவிடுமாம்! ஒட்டாத வியாதிக்கு ஒளிந்து வாழ்ந்தால், பஜ்ஜியும் போச்சு, வைத்தியமும் போச்சு.

நகத்தால் கிள்ள வேண்டியதைக் கோடாலி கொண்டு வெட்டுவானேன் என்று நம் பெரியவர்கள் ஒரு பழமொழி சொல்லி வைத்திருக்கிறார்கள். கிள்ளுவதற்கு முதலில் நகம் வேண்டும். கோடாலியைத் தூக்குவதற்கோ மூட்டு வேண்டும். இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்!